பரீட்சை முடிந்த பிறகு பிள்ளையிடம் என்ன கேட்பீர்கள்?





சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். நுவரெலியாவில் அந்நேரத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் குடையைப் பிடித்தபடி ஒரு தாய் நின்றிருந்தார். அவருடைய கணவர் மரக்கறி வியாபாரி. மூத்த மகன் பாடசாலையில் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்தவன். பின்பு அரபுக் கல்லூரியில் ஓதி, புலமைப்பரிசில் கிடைத்து மதீனாவுக்குப் போனவன்.

"மௌலவி, என்ட மகன் எனக்குப் பொய் சொல்லிட்டான்" என்றார்.

விஷயம் இதுதான். வருடக் கடைசிப் பரீட்சை முடிந்ததும், "எல்லாம் பாஸ் உம்மா" என்று மகன் சொல்லியிருக்கிறான். சந்தோஷத்தில் உம்மா வட்டிலப்பம் செய்து ஆறு வீடுகளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான்கு மாதம் கழித்து, ஹட்டனில் நடந்த ஒரு கல்யாண வீட்டில் இன்னொரு மாணவனின் தாய் வாய்தவறிச் சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்திருக்கிறது. இரண்டு பாடங்களில் மகன் சித்தியடையவில்லை. அவற்றை மீண்டும் படித்துக் கொண்டிருக்கிறான்.

"மதீனாவில இருந்துகொண்டு பொய் சொல்லலாமா மௌலவி? ரசூலுல்லாஹ்வின் பள்ளியில தொழுகிற பிள்ளை!" என்று கேட்டார். அவர் கண்ணில் இருந்தது கோபத்தை விட வேதனைதான்.

நான் கேட்டேன்: "பரீட்சை முடிந்த அன்று மகன் பேசினாரல்லவா, தாத்தா? நீங்கள் முதலில் என்ன கேட்டீர்கள்?"

"என்ன கேப்பன்? எத்தனை மார்க்ஸ் வரும் எண்டு கேட்டன்."

"அதற்கு முன்னால்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு முந்தி ஒண்டும் கேக்கல்ல" என்றார்.

சகோதரிகளே! இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது அந்தத் தாயைப் பற்றியல்ல, நம் எல்லோரையும் பற்றியே. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி விட்டு, ஒவ்வொரு பரீட்சைக் காலத்திலும் நெஞ்சில் கையை வைத்துக் கொண்டிருக்கும் வீடுகள் இன்று மலையகத்தில் எத்தனையோ இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியுமா? பரீட்சை முடிந்த மறுநாள் அவன் என்ன செய்கிறான் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

மதீனாவை எடுத்துக் கொள்வோம். அங்குள்ள இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் மாணவர்கள் அங்கே ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். இலங்கையிலிருந்து போகும் நம் பிள்ளை ஆபிரிக்க நாட்டு மாணவன் ஒருவனோடும், இந்தோனேசிய மாணவன் ஒருவனோடும் ஒரே அறையில் இருக்கலாம். புலமைப்பரிசில் பெற்றவர்களுக்குத் தங்குமிடம், மாதாந்தக் கொடுப்பனவு, விடுமுறைக்கு ஊர் வந்து போக விமானச் சீட்டு எல்லாம் உண்டு. அல்லாஹ் செய்த பெரிய உபகாரம் இது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, "அவனுக்கென்ன குறை?" என்றுதான் தோன்றும்.

ஆனால் அவன் எங்கிருந்து போனவன் என்று பாருங்கள். ஆறாயிரம் அடிக்கு மேலே, மின்விசிறியே இல்லாத வீட்டில், கம்பளிக்குள் சுருண்டு வளர்ந்தவன். அங்கே கோடையில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். பகலில் வெளியே இறங்கினால் காற்றே சுடும். வருடக் கடைசிப் பரீட்சை வருவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.

அடுத்தது மொழி. இங்கே அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவனுக்கும் அங்கே முதல் சில மாதங்கள் திணறல்தான். கிதாபை வைத்துச் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லத் தெரிந்தவன், ஆசிரியர் வேகமாகப் பேசும்போது பாதியைத் தவற விடுகிறான். அப்படிப்பட்டவர்களுக்கென்றே அங்கு அரபு மொழி கற்பிக்கும் பிரிவு இருக்கிறது. உலகமெங்கும் 'மதீனா நூல்' என்று பெயர் பெற்ற அரபுப் பாட நூலைத் தயாரித்தவர் யார் தெரியுமா? தமிழ்நாட்டு வாணியம்பாடியில் 1933இல் பிறந்த கலாநிதி வி. அப்துர் ரஹீம் அவர்கள். பல ஆண்டுகள் மதீனாவில் கற்பித்து, 2023இல் அங்கேயே இறையடி சேர்ந்தார். அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாதவனுக்கு எந்த இடத்தில் இடறும் என்பது, அவரும் அப்படிப் படித்து வந்தவர் என்பதால் அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளை இடறுவது அவனுடைய சோம்பலால்தான் என்று உடனே முடிவு கட்டி விடாதீர்கள்.

பரீட்சை மண்டபத்தில் எல்லாவற்றையும் அரபியிலேயே எழுத வேண்டும். விஷயம் தெரிந்திருந்தாலும் நஹ்வுப் பிழை வந்து விடுமோ என்ற பயத்தில் பேனை தயங்கும். குர்ஆன் மனனத்துக்கு உஸ்தாதின் முன் அமர்ந்து வாய்மொழியாக ஓதிக் காட்ட வேண்டும். சவூதிப் பல்கலைக்கழகங்களில் வழமையாக நூற்றுக்கு அறுபது எடுத்தால்தான் சித்தி. தொண்ணூறும் அதற்கு மேலும் 'மும்தாஸ்'. அதன்கீழ் 'ஜய்யித் ஜித்தன்', 'ஜய்யித்', கடைசியாக 'மக்பூல்'. வகுப்புக்குப் போகாத நாட்கள் கால் பங்கைத் தாண்டினால் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுதவே விட மாட்டார்கள். ஆகவே காய்ச்சலோடும் வகுப்புக்குப் போகிறான் பிள்ளை. அதை வீட்டுக்குச் சொல்வதில்லை. சொன்னால் உம்மா அன்றிரவு தூங்க மாட்டார் என்பது அவனுக்குத் தெரியும்.

பரீட்சைக் காலத்தில் பிற்பகலில் பல்கலைக்கழக பஸ் மாணவர்களை மஸ்ஜிதுந் நபவிக்கு ஏற்றிச் செல்லும். மஃரிப், இஷாவைத் தொழுது, இடையில் ஒரு தூணடியில் உட்கார்ந்து பாடத்தைப் புரட்டி விட்டுத் திரும்புவார்கள். பிறகு நள்ளிரவு தாண்டியும் அறை விளக்குகள் எரியும். சாப்பாட்டுக் கூடத்தில் சோறும் கோழியும் கிடைக்கும். ஆனால் ஊரிலிருந்து கொண்டு போன மிளகாய்த்தூளை மேலே தூவிக் கொண்டு, "ஒரு பருப்புக் கறி இருந்தால்..." என்று பெருமூச்சு விடாத இலங்கை மாணவன் இருக்க மாட்டான்.

இதெல்லாம் பரீட்சைக்கு முன். அப்போதாவது அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, நினைக்க நேரமில்லை. உண்மையான தனிமை பரீட்சை முடிந்த பிறகுதான் வருகிறது.

கடைசி வினாத்தாளைக் கொடுத்து விட்டு வெளியே வருகிறான். அவ்வளவு நாளும் உடம்பை நிமிர்த்தி வைத்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்து விடுகிறது. இரண்டு நாள் தூக்கம். கண் விழித்தால் அடுத்த கட்டில் காலி. கூட்டாளி ஊருக்குப் போய் விட்டான். சிலர் அபியார் அலியில் இஹ்ராம் கட்டிக் கொண்டு உம்ராவுக்குப் புறப்படுகிறார்கள். சிலர் குபாவுக்கும் உஹதுக்கும் போய் வருகிறார்கள். நன்றாக எழுதியவனுக்கு அந்த நாட்கள் பெருநாள் போல. எழுத முடியாமல் போனவனுக்கோ அவை நீண்ட நாட்கள். எந்தக் கேள்வியை விட்டேன், எத்தனை போகும் என்று விரலில் எண்ணிக் கொண்டிருப்பான். அந்நேரம் பார்த்துத் தொலைபேசி ஒலிக்கிறது. எடுத்தால், "எத்தனை மார்க்ஸ் வரும்?"

அவன் பொய் சொல்வது நம்மை ஏமாற்றவா? நம்முடைய சந்தோஷத்தை உடைக்கப் பயந்தா? சிந்தித்துப் பாருங்கள். பொய் பொய்தான், அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்பது அந்தப் பிள்ளைக்கே நம்மை விட நன்றாகத் தெரியும். அதனால்தான் நான்கு மாதமும் அவன் நெஞ்சு உறுத்திக் கொண்டிருந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொல்ல முடியாத ஒரு வாசலை நாம் கட்டி வைத்திருந்தால், அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டல்லவா?

இங்கே என் பங்கையும் சொல்லி விடுகிறேன். அந்த மகன் மதீனாவுக்குப் புறப்பட்ட வாரம், ஜும்ஆ முடிந்ததும் ஒலிவாங்கியில் அவன் பெயரைச் சொல்லி, "நமதூருக்குப் பெருமை தேடித் தரப் போகிறார்" என்று அறிவித்தவன் நான்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அவன் தலையில் நான் ஏற்றி வைத்த பாரத்தை அவன் விமானத்திலும் சுமந்து போயிருப்பான். ஊருக்கே பெருமையாகப் போனவன், இரண்டு பாடம் தவறி விட்டது என்று யாரிடம் சொல்வான்? அந்தத் தாயிடமும் இதைச் சொன்னேன். "நீங்கள் மட்டுமல்ல தாத்தா, நானும்தான்" என்றேன்.

நாம் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தாயாரை நினைத்துப் பாருங்கள். இமாமவர்கள் ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்தார்கள். தந்தை சிறு வயதிலேயே காலமாகி விட்டார். அந்த விதவைத் தாய் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு மக்காவுக்கு வந்தார். ஆசிரியருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. தாள் வாங்க வழியில்லாமல் எலும்புகளிலும், எழுதிக் கழித்த தாள்களின் பின்பக்கத்திலும் பிள்ளை பாடம் எழுதியது. பிறகு அதே மதீனாவுக்கு, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஓதப் பயணமானது. அந்தத் தாய் பிள்ளையைக் கற்க அனுப்பினார். அண்டை வீட்டாருக்குக் காட்டிப் பெருமை பேச அனுப்பவில்லை.

இமாம் மாலிக் அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஒரு முறை அவர்களிடம் நாற்பத்தெட்டு கேள்விகள் கேட்கப்பட்டபோது, அவற்றில் முப்பத்திரண்டுக்கு "எனக்குத் தெரியாது" என்று பதிலளித்ததாக அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் இமாம் அவர்! நம் வீட்டுக் கணக்கில் பார்த்தால் அது பதினாறு மார்க்ஸ். ஆனால் "தெரியாது" என்று சொல்லும் துணிவும் அறிவின் ஒரு பகுதி என்று உம்மத் அதைப் போற்றி வைத்திருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்றும், தவறியதைத் தவறியது என்றும் சொல்லப் பிள்ளை பழக வேண்டிய முதல் இடம் தாயின் மடி.

மார்க்கக் கல்விக்குப் போனவர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது. மருத்துவம் படிக்க பங்களாதேஷுக்குப் பெண் பிள்ளைகளையும் அனுப்பி வைக்கிறோம். அங்கே பரீட்சை என்பது வருடத்துக்கு ஒரு முறை வந்து போகிற விருந்தாளி அல்ல. 'ஐட்டம்' என்று சின்னச் சின்ன வாய்மொழிப் பரீட்சைகள் வாரந்தோறும் நடக்கும். அவற்றை முடித்தால் 'கார்ட்', அதன் பிறகு 'டேர்ம்', எல்லாவற்றையும் தாண்டினால்தான் 'ப்ரொப்' என்ற பெரிய பரீட்சை. அங்கும் நூற்றுக்கு அறுபது வேண்டும். எழுத்தில் சித்தியடைந்து வாய்மொழியில் தவறினாலும் தவறியதுதான். ஒரு தடவை தவறாமல் ஐந்து வருடத்தையும் கடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தவறி எழுந்து நல்ல வைத்தியரானவர்களும் இருக்கிறார்கள்.

2024 ஜூலையில் அந்நாட்டில் மாணவர் போராட்டம் வெடித்து, ஊரடங்குச் சட்டம் வந்து, இணையத் தொடர்பு நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே பிள்ளைகளை விட்டிருந்த தாய்மார் அந்த நாட்களில் பெறுபேற்றையா கேட்டார்கள்? "என்ட பிள்ளையின் குரலைக் கேட்டால் போதும்" என்றுதானே அழுதார்கள்! அதே போல் 2022இல் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியபோது, சொந்தச் செலவில் படித்த பிள்ளைகள் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக் கொண்டும் வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தார்கள். ஆபத்து வந்தபோது நமக்கு எது பெரிது என்று புரிந்தது. சாதாரண நாளில் அதை மறந்து விடுகிறோம்.

மூஸா நபி (அலை) அவர்களின் தாயாரைப் பற்றி குர்ஆனில் ஓதுகிறோம். பச்சிளம் குழந்தையை அல்லாஹ்வின் கட்டளைப்படி ஆற்றில் விட்டார். அந்த உள்ளம் எப்படித் தவித்தது என்பதையும் அல்லாஹ் மறைக்காமல் சொல்கிறான். அவர் என்ன செய்தார்? மகளை அனுப்பி, தூர நின்று தம்பியைக் கவனிக்கச் சொன்னார். அந்தச் சகோதரி ஆரவாரமில்லாமல், பிறர் அறியாமல் பின்தொடர்ந்தாள். தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கவனிக்கும் முறை இதுதான். வீட்டிலிருக்கும் ராத்தாமாரே, தங்கைமாரே! உம்மாவிடம் சொல்லப் பயப்படுவதை உங்களிடம் அவன் சொல்லக் கூடும். கேட்டதை ஊரெல்லாம் பரப்பாமல், உம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது உங்கள் அமானிதம்.

இனி நடைமுறைக்கு வருவோம். மதீனா நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். நாம் ஸுபஹ் தொழுது விட்டு அன்போடு அழைக்கும்போது அங்கே நள்ளிரவு கடந்து இரண்டு, இரண்டரை மணி. இஷாவுக்குப் பின் அழைத்தால் அவன் ஹரத்துக்குப் போகும் பஸ்ஸில் இருப்பான். நமக்கு அஸர் நெருங்கும் நேரம் அவனுக்கு லுஹர் முடிந்து சற்று ஓய்வு. அதை அவனிடமே கேட்டு, வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் என்று முடிவு செய்து கொள்ளுங்கள். பரீட்சை வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு சிறிய குரல் செய்தி போதும். பதிலை எதிர்பார்க்காதீர்கள். வீட்டுச் சண்டையையும், கடனையும், பெத்தாவின் சுகவீனத்தையும் அந்த வாரத்தில் அவன் காதில் போடாதீர்கள். அவசரமானால் வேறு, மற்றவை பத்து நாள் பொறுக்கும்.

பரீட்சை முடிந்த அன்று கேட்க வேண்டியவை எளிமையானவை. சாப்பிட்டாயா? தூங்கினாயா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நாளைக்கு எங்கே போகப் போகிறாய்? இவ்வளவும் கேட்ட பிறகு, "எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். "எத்தனை வரும்?" என்று கேட்டால் ஓர் எண்தான் பதிலாக வரும். "எது கஷ்டம்?" என்று கேட்டால் பிள்ளையே பேசுவான். பெறுபேறு வருவதற்கு முன் ஊருக்கு இனிப்புப் பங்கிட வேண்டாம். வந்த பிறகும், அடுத்த வீட்டுப் பிள்ளை தவறியிருக்கிறதா என்று ஒரு முறை யோசித்து விட்டுப் பங்கிடுங்கள். கல்யாண வீட்டில் சந்திக்கும்போது, "உங்கட மகனுக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்வியை நாம் எல்லோரும் விட்டு விட்டால், எத்தனையோ பிள்ளைகள் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

அந்தத் தாய்க்குத் திரும்புகிறேன். அன்று அவர் ஒன்றும் பேசாமல் போய் விட்டார். இரண்டு வாரம் கழித்து வந்து, மகனுக்கு அனுப்பிய குரல் செய்தியை எனக்குப் போட்டுக் காட்டினார். "மகன், இங்க நல்ல மழை. நீ சாப்பிட்டியா? ரெண்டு பாடம் விட்டுப் போன விஷயம் எனக்குத் தெரியும். கோவமில்ல மகன். எப்ப திரும்ப எழுதுற எண்டு மட்டும் சொல்லு. அண்டைக்கு உம்மா நோன்பு புடிக்கிறன்." அவ்வளவுதான்.

மகனிடமிருந்து ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லையாம். மறுநாள் வந்ததை அவர் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. "அழுதுட்டான் மௌலவி" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த இரண்டு பாடங்களையும் அவன் எழுதினான். ஒன்றில் 'ஜய்யித்', மற்றதில் 'மக்பூல்'. 'மக்பூல்' என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பொருள். அதைக் கேட்டு அந்தத் தாய் சிரித்தார். "அல்லாஹ்வும் அப்படியே எழுதட்டும்" என்றார்.

விடுமுறைக்கு மகன் ஊர் வந்த அன்று மீண்டும் வட்டிலப்பம் செய்தார்கள். இந்த முறை அது வீட்டுக்கு மட்டும். எனக்கு ஒரு கோப்பை வந்தது. கொண்டு வந்தவன் அவன்தான். சலாம் சொல்லி விட்டு, "மௌலவி, இனி மைக்கில என்ட பேரச் சொல்ல வேணாம்" என்றான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கும் அவன் பெயரை நான் எழுதவில்லை.

தூர தேசங்களில் கற்கும் நம் பிள்ளைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஈமானுக்கும் அல்லாஹ் காவலாக இருப்பானாக! அவர்கள் வென்ற நாளிலும் தவறிய நாளிலும் உண்மையோடு திரும்பி வரக் கூடிய வீடாக நம் வீடுகளை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.